மண்ணை மறந்த மண்வாசனை

சொற்களுக்கும் பிழைப்புத் தேடி இடம்பெயரும் விதி உண்டு போலும். 'மண்வாசனை' என்ற சொல்லுக்கு நேர்ந்ததை நோக்குமிடத்து அவ்வாறே எண்ணத் தோன்றுகிறது. 1954 இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய காலத்திலும், அதனை அடுத்த பத்தாண்டிலும் இச்சொல் ஒரு போராட்டச் சொல்லாக விளங்கிற்று. தமிழகச் சஞ்சிகைக் கதைகளைப் பார்த்து மெரீனாக் கடற்கரையிலே காதலரை உலவவிட்ட ஈழத்து எழுத்தாளனை நோக்கி, "உனது வயல் எங்கே? உனது கடல் எங்கே? உனது ஊரிலே உழைப்பவன் பேசும் மொழி எங்கே?" என்று கேட்ட சொல் அது. அவ்வாறு கேட்டமைக்காக முற்போக்காளர் பண்டிதர் சிலரிடம் வாங்கிய வசையும் கொஞ்சமன்று. இன்று அதே சொல் விடுதிகளின் உணவுப் பட்டியலிலே வேலைக்கு அமர்ந்திருக்கிறது. மண்வாசனை மாறாத நண்டுக்கறி. மண்வாசனை கமழும் மதிய போசனம். சட்டியிலே மண் இருக்கிறது, வாசனையும் இருக்கலாம். அந்த மண் யாருடையது என்ற கேள்வியைத்தான் காணவில்லை.

2025 ஒக்டோபரிலே 'லோன்லி பிளானட்' என்ற பயண வழிகாட்டி நிறுவனம், 2026 ஆம் ஆண்டிற் செல்லத்தக்க 25 இடங்களுள் ஒன்றாக யாழ்ப்பாணத்தை அறிவித்தது. செய்தி வந்ததுதான் தாமதம். எமது பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் திருவிழாக் கொண்டாடத் தொடங்கிவிட்டன. கோயில், கோட்டை, தீவு என்ற வரிசையிலே உணவும் வந்தது. ஒடியற்கூழ், நண்டுக்கறி, தோசை, பனங்கட்டி என்று பட்டியல்கள் பெருகின. எந்தக் கடையில் எது உண்ணலாம், எவ்வளவு உறைப்புத் தாங்கலாம் என்பன பற்றிய ஆலோசனைகளுக்கும் குறைவில்லை. 'போரினால் மறைந்து கிடந்த முத்து', 'இதுவரை உலகறியாச் சுவை' போன்ற தொடர்கள் ஆங்கிலத்திலே பிறந்து, தமிழிலே மொழிபெயர்க்கப்பட்டு, மொழிபெயர்ப்பு என்ற தடயமும் இன்றி எமது பெருமிதமாக மறுநாளே அச்சேறின.

யாழ்ப்பாணத்துக்குப் புகழ் வருவதிலே எமக்குப் பொறாமை எதுவுமில்லை. ஊர் ஊராகச் சென்று கறி வகைகளைக் குறித்து நூலாக்குபவரோடும் எமக்குச் சச்சரவில்லை. அவ்வாறு குறிக்காதபடியால் அழிந்துபோனவை பல. எமது சச்சரவு பத்திரிகைகளோடு. ஒரு வழிகாட்டி நூல் வெளிவந்ததும் அதனை வாசித்து, உரைத்துப் பார்த்து, அது சொல்வது என்ன, சொல்லாது விடுவது என்ன என்று மக்களுக்குக் கூற வேண்டியது பத்திரிகையின் கடமை. எமது பத்திரிகைகள் செய்வது நூலின் பின்னட்டையை முன்பக்கத்திலே மறுபிரசுரம் செய்யும் தொண்டு. விளம்பரத்துக்கு வெளியீட்டாளன் பணம் கொடுக்க வேண்டும். இத்தொண்டுக்கு அதுவும் வேண்டியதில்லை.

'மறைந்து கிடந்த' என்கிறார்களே, யாருக்கு மறைந்து கிடந்தது? குரக்கன் பிட்டு, அதனை உண்டவனுக்கு என்றாவது மறைந்திருந்ததுண்டா? குளத்து விரால் அதனைப் பிடித்தவனுக்கு மறைந்திருந்ததா? இச்சொற்றொடரைத் தட்டச்சு செய்தவர் தம்மையறியாமலே ஓர் உண்மையைக் கூறிவிட்டார்: பார்ப்பவன் வெளியிலிருந்து வந்தவன், பார்க்கப்படுவோர் நாம். பார்க்கப்படுவோரின் பத்திரிகையும் பார்ப்பவனின் கண்ணாற் பார்க்கத் தொடங்குவதுதான் வேடிக்கை.

இந்த வழிகாட்டி நூல்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சற்று நோக்குவோம். உணவு வழிகாட்டிகளுக்கெல்லாம் மூத்தது என்று போற்றப்படுவது பிரான்சு தேசத்து மிசலின் வழிகாட்டி. 1900 ஆம் ஆண்டிலே மிசலின் சகோதரர்கள் அதனை 35,000 பிரதிகள் அச்சிட்டு மோட்டார் வண்டிக்காரருக்கு இலவசமாக வழங்கினர். அவர்கள் சமையற் கலைஞர் அல்லர், ரயர் உற்பத்தியாளர். அந்நாளிலே பிரான்சு முழுவதிலும் ஓடிய மோட்டார் வண்டிகள் சில ஆயிரமே. நல்ல சாப்பாட்டைத் தேடி வண்டிக்காரன் தூர ஊர்களுக்கு ஓடினால் ரயர் தேயும், தேய்ந்தால் விற்கும். இவ்வளவே அதன் தத்துவம். 1926 இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் வழக்கம் ஆரம்பமாயிற்று. நட்சத்திரம் பதித்த அதே நிறுவனம் அக்காலத்தில் வியட்நாமின் பூ ரியெங், தவு தியெங் ஆகிய இடங்களிலே பெரும் இறப்பர்த் தோட்டங்களை நடத்திற்று. வடக்கு வியட்நாமின் வறிய கிராமங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோர் அங்கே அடியும் காய்ச்சலும் அரைவயிறுமாக உழைத்தனர். 1930 பெப்ரவரியிலே பூ ரியெங்கின் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்து தோட்டத்தையே சில நாள் தம் கையில் வைத்திருந்தனர். வியட்நாமியப் புரட்சி வரலாற்றில் அது 'செந்நிறப் பூ ரியெங்' எனப்படுகிறது. அத்தோட்டத்துக் கூலி என்ன உண்டான் என்பது பற்றி மிசலின் வழிகாட்டியின் எந்தப் பதிப்பிலும் நட்சத்திரம் இல்லை.

லோன்லி பிளானட்டின் கதை இத்துணைக் கொடியதன்று. 1973 இல் ஓர் இளந்தம்பதியர் ஆசியாவைக் குறைந்த செலவிற் கடப்பது எப்படி என்று எழுதிய சிறு நூலில் அது தொடங்கிற்று. பின்னர் பிபிசியின் வணிகப் பிரிவு அதனை வாங்கிற்று. 2013 இல் அமெரிக்கக் கம்பனியொன்றுக்கு விற்றது. 2020 இல் அது இன்னோர் அமெரிக்கக் கம்பனியின் கைக்குப் போயிற்று. இவ்வாறு கைமாறும் ஒரு பண்டத்தின் வருடாந்தப் பட்டியலைத்தான் எமது ஆசிரியத் தலையங்கங்கள் 'உலகத்தின் அங்கீகாரம்' என்று எழுதின. உலகம் என்பது எவ்வளவு சிறியதாகிவிட்டது!

வன்னியிலே இருந்து கொண்டு இவற்றை வாசிப்பவருக்கு இன்னொன்று புலப்படும். வழிகாட்டிகளைப் பொறுத்தவரை வன்னி ஓர் இடமே அன்று; ஒரு பாதை. ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் செல்வோர் கடந்து போகும் தூரம். முறிகண்டியிலே வண்டியை நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறிவிடுவதோடு வன்னியின் உணவு முடிந்துவிடுகிறது. இரணைமடுவின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் விளைகிற நெல் 'யாழ்ப்பாணத்து மதிய போசனம்' என்ற பெயரிலே பரிமாறப்படுகிறது. நந்திக்கடலின் இறால் பனிக்கட்டிப் பெட்டியிலே ஏறித் தெற்கே போகிறது. பிடித்தவன் வீட்டில் அன்றைக்குப் பெரும்பாலும் சம்பல். எருமைத் தயிருக்கும் காட்டுத் தேனுக்கும் கூடத் தம் ஊரின் பெயரைச் சொல்லும் உரிமை கிடைப்பது அரிது.

'யாழ்ப்பாண உணவு' என்ற பெயரேனும் நேர்மையானதா? பத்திரிகைகள் எழுதும்போது அது ஏதோ எல்லாரும் ஒரே பந்தியிலிருந்து உண்ட உணவு போலக் காட்சி தருகிறது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேறிற்று. ஆயினும் அதன் பின்னரும் குடாநாட்டின் எத்தனையோ தேநீர்க் கடைகளிலே தாழ்த்தப்பட்டோருக்கு உள்ளே இடமில்லை. வெளியே நிற்பவனுக்குப் போத்தலிலும் பேணியிலும் தேநீர். 1966 ஒக்டோபர் 21 ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதனைத் தொடர்ந்த தேநீர்க் கடைப் பிரவேசங்களும் அடி, வெட்டு, துப்பாக்கிச் சூடு ஆகியவற்றினூடேதான் அந்தக் கதவுகளைத் திறந்தன. யாழ்ப்பாணத்தின் உணவகங்களைப் பற்றி அந்நாளில் ஒரு வழிகாட்டி நூல் எழுதப்பட்டிருந்தால், அது யாருக்கு வழிகாட்டியிருக்கும்? பழைய உணவகம், பாரம்பரிய உணவகம் என்று இன்று படம் பிடித்துப் போடுவோர் அந்தப் பாரம்பரியத்தில் யார் உள்ளே இருந்தார், யார் வெளியே நின்றார் என்று ஒரு வரி எழுதினால் குழம்பின் காரம் குறைந்துவிடுமா?

வன்னிக்குள்ளும் இதே மௌனம் உண்டு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களாலும், எழுபதுகளின் தோட்டப் பஞ்சத்தாலும் மலையகத்தை விட்டு வந்து, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறியோரின் ரொட்டியும் அரைத்த சம்பலும் எந்தப் 'பாரம்பரிய' பட்டியலிலே இருக்கின்றன? பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் அவர்கள் இன்று மூன்றாந் தலைமுறையினர். பிறருடைய வயலிலும் தோட்டத்திலும் கூலி செய்தவர்கள் அவர்கள். சோறு விளைவித்தவர்களின் அடுப்பு, சோற்றைப் பற்றிய நூலில் இல்லை. இதனைக் கூறும்போது குற்றத்தை வெள்ளைக்காரப் பயணி மேல் மட்டும் போட முடியாது என்பதையும் கூறியாக வேண்டும். அவனுக்குத் தெரியாது, எமக்குத் தெரியும்.

மண்வாசனை என்று தொடங்கினோம். அச்சொல்லுக்கு வன்னியிலே முழு உரிமை பெற்ற ஒரு நூல் உண்டு. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வெளிவந்தது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. வன்னிக் காட்டின் மணத்தை ஈழத்து நாவலுக்குள் கொண்டுவந்த நூல் என்று திறனாய்வாளர் அதனைப் போற்றினர்; நாமும் மாணவர்க்கு அவ்வாறே கற்பிக்கின்றோம். அந்தத் தண்ணிமுறிப்பு என்னவாயிற்று? 1984 டிசெம்பரிலே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய கிராமங்களோடு அதன் மக்களும் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டனர். அந்த வட்டாரத்து மணலாறு 'வெலிஓயா' ஆயிற்று. நாவலிலே மணக்கும் மண்ணை அங்கே பிறந்தவர்கள் உழ முடியாத நிலை பல்லாண்டு நீடித்தது. வாசனையைப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளலாம், மண்ணைக் கேளாதே என்பதுதான் இதன் பொருள். இன்றைய உணவுப் பத்திகள் செய்வதும் இதனையே, ஆனால் மேசைவிரிப்போடு.

"ஐயா, சாப்பாட்டைப் பற்றிய புத்தகத்திலும் அரசியலா?" என்று சிலர் முகஞ் சுளிப்பர். 'கலை கலைக்காகவே' என்ற பழைய வழக்கின் புதிய பதிப்பு இது: சுவை சுவைக்காகவே. இந்நாட்டிலே உணவு எப்போதாவது அரசியலுக்கு வெளியே இருந்ததுண்டா? 1952 டிசெம்பரிலே இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கச் சீனத்தோடு ஒப்பந்தஞ் செய்த நாடு இது. அமெரிக்காவின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் அதனைச் செய்ததும் ஓர் இடதுசாரி அரசாங்கமன்று, ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே. வயிறு அவ்வளவு வலியது. அதே அரசாங்கம் அடுத்த ஆண்டு பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்திற்று. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்திற்று. 1953 ஓகஸ்ட் 12 ஆந் திகதி ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசியின் விலை ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய நாட்டிலே, அரிசியின் விலையைக் கேளாமல் சோற்றின் சுவையை மட்டும் எழுதுவது எவ்வாறு நடுநிலையாகும்?

வன்னிக்கோ இந்தப் பாடம் இன்னும் அண்மையானது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையிலே எண்ணெயும் உரமும் மருந்தும் ஓமந்தைக்கு இப்பாலே எண்ணி எண்ணி விடப்பட்டன, அல்லது விடப்படவேயில்லை. 2008 செப்டெம்பரிலே ஐக்கிய நாடுகளின் நிறுவனங்களும் பிற தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டன. 2009 பெப்ரவரியிலே, போரிற் சிக்கியோர் ஏறத்தாழ 70,000 பேரே என்று அரசாங்கம் கூறிற்று. போர் முடிந்த பின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் 280,000 இற்கும் மேல். தொகையைக் குறைத்துச் சொன்னதன் பொருள், அனுப்பும் அரிசியைக் குறைத்தது என்பதாகும். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் இதனையே எழுதிற்று. 2009 ஏப்ரல் 8 ஆந் திகதி அம்பலவன்பொக்கணையிலே பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் எறிகணைக்கு இரையானமையும் அதே அறிக்கையிலே உள்ளது. அந்நாட்களிலே உயிரைப் பிடித்து வைத்திருந்தது கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு. தேங்காய்ப்பால் கிடைத்தவன் பாக்கியவான். சமையற் குறிப்பு இவ்வளவே.

இந்தக் கஞ்சி இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் சந்திகளிலே வார்க்கப்படுகிறது. வன்னிக்கென்று ஓர் உணவு உண்டா என்று யாரேனும் கேட்டால் முதலில் சுட்ட வேண்டியது அதனையே. ஆனால் 2024 மே மாதத்தில், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிலே இக்கஞ்சியை வழங்கியமைக்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டனர். உணவைப் பற்றி வாரந்தோறும் ஒரு பக்கம் ஒதுக்கும் பத்திரிகைகளே, அது உணவுச் செய்தியாக உங்களுக்குத் தோன்றவில்லையா? ஒரு கிண்ணம் கஞ்சிக்குப் பொலிஸ் வருகிறதென்றால் அதைவிடக் காரமான பண்டம் இந்தத் தீவில் வேறெது உண்டு?

மறுபக்கத்தில் வேறொரு பரிமாறல் நடந்தது. இலட்சக்கணக்கானோர் நீந்தியும் நடந்தும் கடந்த நந்திக்கடலின் ஓரத்திலே, 2012 இல் இராணுவம் ஓர் உல்லாச விடுதியைத் திறந்தது. ஏரிக்காட்சி, தென்றல், உணவு. அயலிலே கேப்பாப்பிலவு மக்கள் தம் சொந்தக் காணிக்காக 2017 இல் வீதியோரத்திற் கொட்டகையிட்டு இரவு பகலாக இருந்தார்கள். அவர்கள் அடுப்பு மூட்டியது இராணுவ முகாமின் வாசலிலே. ஒரே ஏரி, ஒரே மீன், இரண்டு அடுப்புகள். எந்த அடுப்பு வழிகாட்டிக்குள் வரும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனி, 'வலிமை' என்ற சொல்லுக்கு வருவோம். 2015 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இயங்கும் பல்மேரா என்ற நிறுவனம் வடக்குக் கிழக்குப் பெண்களின் சமையற் குறிப்புகளையும் வாழ்க்கைக் கதைகளையும் சேர்த்து அழகிய நூலொன்றை வெளியிட்டது. சமைத்தவளின் பெயரும் கதையும் குறிப்போடு சேர்ந்து வரும் நூல் என்ற வகையில் அது பாராட்டுக்குரியது. பெரும்பாலான நூல்களிலே சமைத்தவள் கைகளாக மட்டுமே படத்தில் வருவாள். ஆனால் அதன் உபதலைப்பிலேயே 'வலிமையின் கதைகள்' என்ற தொடர் உண்டு. இத்தகைய நூல் எது வந்தாலும் பத்திரிகைகள் பிடித்துக்கொள்ளும் சொல்லும் அதுவே. வலிமை மிக்க பெண்கள், மீண்டெழும் பெண்கள், புன்னகையோடு கரண்டி பிடிக்கும் பெண்கள். கணவனை இழந்தவளை, மகனைத் தேடுபவளை வலியவள் என்று நூறு முறை எழுதுவதற்குச் செலவு எதுவுமில்லை. மகன் எங்கே என்று ஒரு முறை கேட்பதற்குச் செலவு உண்டு. இப்பெண்களின் சமையற் கடைகளுக்கும் கோழிக்கூடுகளுக்கும் முதல் எங்கிருந்து வந்தது? பலருக்கு நுண்கடன் கம்பனிகளிடமிருந்து. வட்டியும் தவணையும் கழுத்தை நெரித்து, கடன் வசூலிப்பவனுக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒளிந்த பெண்களை எமது ஊர்களிலே அறியாதவர் இல்லை. 2018 இல், வரட்சி கண்ட மாவட்டங்களிலே ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை ஏற்க அரசாங்கம் முன்வர வேண்டிய அளவுக்கு அது முற்றியது. வலியவளுக்கு எதற்காக இத்தனை கடன் என்று மதிப்புரைகாரர் ஒருவரேனும் கேட்டிருந்தால் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

நியாயமான ஒரு மறுப்பு உண்டு. பயணி வந்தால் பணம் வரும். அந்தப் பணம் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கும் சேரும். அதனைக் கெடுக்கலாமா என்பது. நாம் கெடுக்க விரும்பவில்லை. வேளாண் திணைக்களம் தெற்கிலே 'ஹெல போஜுன்' என்ற பெயரிலும், வடக்கிலே 'அம்மாச்சி' என்ற பெயரிலும் நடத்துவிக்கும் உணவகங்களை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவை உண்டு. ஒவ்வொரு பெண்ணும் தன் அடுப்பின் முன் நின்று, வாங்குபவனின் கண்ணெதிரே தோசையும் உழுந்து வடையும் குரக்கன் பிட்டும் செய்து விற்கிறாள். விலை மாணவர் கைக்கும் எட்டுவது. போத்தற் பானம் அங்கே இல்லை, இலைக்கஞ்சி உண்டு. இது நல்ல முயற்சி. மேலும் வளர வேண்டியது. ஆயினும் இங்கேயும் பத்திரிகைகள் எழுதியது 'சுத்தம், சுவை, மலிவு' என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த மலிவை யார் தாங்குகிறார்கள்? 2022 செப்டெம்பரிலே கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். உழுந்தும் எண்ணெயும் எரிவாயுவும் இரட்டிப்பான அந்த மாதங்களில், அடுப்பு முன் நின்றவள் நாளிறுதியில் வீட்டுக்குக் கொண்டுபோனது எவ்வளவு என்று கேட்க ஒரு நிருபனுக்கு ஒரு பிற்பகல் போதும்.

அதற்கு முந்திய ஆண்டை விவசாயி மறக்க மாட்டான். 2021 இல் இரவோடிரவாக இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். இயற்கை விவசாயம், பாரம்பரியம், நஞ்சற்ற உணவு என்ற அதே இனிய சொற்களே அதற்கும் பூசப்பட்டன. அந்தச் சொற்களை நம்பிய உணவுப் பத்தி எழுத்தாளர் மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் புகழ்ந்துகொண்டிருக்க, பசளை கிடையாத வயலிலே பயிர் மஞ்சளாயிற்று. நவம்பரிலே தடையை விலக்கினார்கள். போன விளைச்சல் திரும்பவில்லை. நாம் பழைய நெல்லினங்களுக்கு எதிரிகள் அல்லோம். பழைய நெல்லை விதைப்பவனின் நட்டத்தைத் தாங்குவது யார் என்ற கணக்கின்றி அதனைப் புகழ்வதற்கே எதிரிகள்.

மூத்த விவசாயிகள் எழுபதுகளின் முற்பகுதியைப் பொற்காலம் என்பர். மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்தில், விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் இளைஞர் குடியேற்றத் திட்டங்களிலே செத்தல் மிளகாய் பணமாய்க் காய்த்தது. கல்வீடுகள் எழுந்தன, உழவு இயந்திரங்கள் வந்தன. (அதே ஆண்டுகளிலே நகரத்து ஏழை பாணுக்கு வரிசையில் நின்றான் என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும்.) 1977 இன் திறந்த பொருளாதாரம் வந்ததும் இறக்குமதி மிளகாய் சந்தையை நிரப்பிற்று, வன்னித் தோட்டம் வாடிற்று. இன்று 'வடக்கின் உறைப்பு' என்று வியப்போர் அந்தத் தூளிலே வன்னி மிளகாய் எவ்வளவு, இந்திய மிளகாய் எவ்வளவு என்று கடைக்காரனைக் கேட்டதுண்டா? 2025 பெப்ரவரியிலே நாட்டு நெல்லுக்கு அரசு குறித்த விலை கிலோவுக்கு 120 ரூபா. அதுவே போதாது என்று விவசாயிகள் முறையிட்டார்கள். அச்செய்தி பத்திரிகையில் ஒரு பக்கத்திலும் உணவுப் பத்தி இன்னொரு பக்கத்திலும் வெளிவந்தன. இரண்டும் ஒரே நெல்லைப் பற்றியவை என்பது வாசகனுக்குத் தெரியாதவாறு பக்கங்களைப் பிரித்து வைப்பதுதான் எமது பத்திரிகைக் கலை.

யாழ்ப்பாணம் பட்டியலில் ஏறிய மறுமாதமே, 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயல் வந்தது. நாடெங்கும் நூற்றுக்கணக்கில் மக்கள் மாண்டனர். வன்னியிலே காலபோகத்துக்கு விதைத்த வயல்கள் வெள்ளத்தின் கீழ்ப் போயின. அவ்வேளையிலும் சில பத்திரிகைகளின் கவலை, உல்லாசப் பயணிகள் அஞ்சி விடுவார்களோ என்பதாக இருந்தது.

அண்மையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இத்தகைய உணவுக் கட்டுரை ஒன்றின் நறுக்கைக் கொண்டுவந்து, "இதில எங்கட ஊர்ச் சாப்பாடு ஒண்டும் இல்லையே?" என்று கேட்டாள். அப்படியானால் நீங்களே எழுதுங்கள் என்று கூறி, நான்கு கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதினோம்: உணவு எது, யார் சமைப்பது, பொருள் எங்கிருந்து வருவது, எப்போது கிடைப்பது. தாள்கள் வந்திருக்கின்றன. மொழியைத் திருத்தாமல் சிலவற்றைத் தருகின்றோம்.

"குளத்து மீன். அப்பா வலை போடுவார். பெருசு சந்தைக்குப் போகும். சின்னன் கறிக்கு."

"ரொட்டியும் சம்பலும். அம்மம்மா ஹற்றனில இருந்து வரேக்க கொண்டுவந்த பழக்கம். மா விலை கூடினாப் பிறகு இரவில மட்டும்."

"உழுந்துக் களி. அக்கா பெரியபிள்ளை ஆனபோது செய்தது. உழுந்து எங்கட காணியில இல்லை, குத்தகைக் காணியில."

"கஞ்சி. மே மாதம். உப்பு மட்டும் போடுறது. ஏன் எண்டு கேட்டா அம்மா சொல்ல மாட்டா."

"பாலைப்பழம். ஆடி மாதம். முந்தி அப்பப்பா காட்டில பறிச்சுக் கொண்டுவருவாராம். இப்ப எல்லைக்கல்லு நட்டிருக்கு. வெளியில ஒரு மரம் நிக்குது, அதில உள்ளதைத்தான் நாங்கள் எல்லாரும் பறிக்கிறது."